காப்புரிமை ஏட்டில் தமிழுக்கு இடமில்லையா?

தமிழ்நாட்டில் வட்டாட்சியர் அலுவலகமோ பதிவு அலுவலகமோ கல்லூரியோ அமைந்த தெரு எதுவாயினும், 'செராக்சு' என்னும் பெயர்ப்பலகையைக் காணாமல் அதைக் கடக்க இயலாது. ஊர்ப்புறத்து மூதாட்டியும் குடும்ப அட்டையை நீட்டி, "ஒரு செராக்சு எடுத்துக் குடப்பா" என்கிறாள். அஃது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர் என்பதோ, அப்பெயருக்குள் ஒளிந்திருப்பது கிரேக்கம் என்பதோ அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டுவதுமில்லை. ஆனால், தமிழில் கல்வி வேண்டும், தமிழில் ஆட்சி வேண்டும், தமிழில் வழக்காட வேண்டும் என்று முழங்குவோர்க்கு, அப்பொறியின் பின்னே நின்றவரின் கதை தெரிந்தேயாக வேண்டும். அவர் பெருவணிகர் அல்லர். பெயர் பெற்ற அறிவியற் பேராசிரியரும் அல்லர். இயற்பியல் படித்து, ஆய்வகத்தில் பொறியாளராய் அமர்ந்து, இரவுக் கல்லூரியில் சட்டம் பயின்று, காப்புரிமை வழக்குரைஞரானவர். பெயர் செசுட்டர் கார்ல்சன்.

1906 ஆம் ஆண்டு பிப்ரவரி 8 ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அவர் பிறந்தார். தந்தை முடிதிருத்துநர். எலும்புருக்கியும் மூட்டுநோயும் தந்தையை முடக்கிப் போட்டமையால், பள்ளிப் பருவத்திலேயே வீட்டுக்குப் பொருளீட்டும் சுமை சிறுவனின் தோளில் ஏறியது. பதினேழாம் அகவையில் தாயையும் எலும்புருக்கி கொண்டுபோயிற்று. இத்தனைக்கும் நடுவில் அவர் வேலை செய்துகொண்டே படித்து, 1930 இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியற் பட்டம் பெற்றார். அது பொருளியல் பெருமுடக்கக் காலம். 82 நிறுவனங்களுக்கு வேலை கேட்டு எழுதினார், ஒன்றும் கைகூடவில்லை. முடிவில் நியூயார்க்கில் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் கிழமைக்கு 35 டாலர் சம்பளத்தில் ஆய்வுப் பொறியாளர் வேலை கிடைத்தது. அங்கிருந்தே அவர் காப்புரிமைப் பிரிவுக்கு மாறினார். 1933 இல் அவ்வேலையும் போயிற்று. அடுத்த ஆண்டு மல்லோரி என்னும் மின்கருவி நிறுவனத்தில் சேர்ந்து, நாளடைவில் அதன் காப்புரிமைப் பிரிவுக்குத் தலைவரானார்.

காப்புரிமை வேலை என்பது தாளோடு மல்லுக்கு நிற்கும் வேலை. ஒவ்வொரு விளக்கவுரைக்கும் வரைபடத்துக்கும் பல படிகள் வேண்டும். மைத்தாள் வைத்துத் தட்டச்சுச் செய்தாலும் போதாது. ஒளிப்படம் எடுப்பதற்கோ செலவும் நேரமும் மிகுதி. 1936 இல் நியூயார்க்குச் சட்டக் கல்லூரியில் இரவு வகுப்பிற் சேர்ந்தபோது இடர் இரட்டிப்பாயிற்று. சட்ட நூல்களை விலை கொடுத்து வாங்க வழியில்லை. நகரப் பொது நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையாலேயே பெயர்த்தெழுதினார். கை வலித்தது, கண் கூசியது, தந்தையைப் பற்றிய மூட்டுநோய் தம்மையும் தொடங்கிவிட்டதோ என்னும் அச்சமும் சேர்ந்தது. ஏட்டுச்சுவடியைப் படியெடுத்துப் படியெடுத்துத் தமிழ் நூல்களைக் காத்த பழைய எழுத்தாணிக்காரர்களின் கைவலி அறிந்தவர்க்கு, இந்தக் கைவலியும் புரியும்.

வலியிலிருந்து பிறந்ததே வழி. பிறர் ஒளிப்பட வேதியியலிலேயே தேடிக்கொண்டிருக்க, இயற்பியல் கற்ற கார்ல்சன் மின்னூட்டத்தில் தேடினார். சில பொருள்கள் இருளில் மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கும். ஒளி பட்ட இடத்தில் அதனை இழந்துவிடும். அங்ஙனமாயின், எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மின்னூட்டம் எஞ்சும். அங்கே தூள் தூவினால் தூள் எழுத்தாக ஒட்டும். கருத்து இவ்வளவுதான். வீட்டு அடுக்களையிலேயே கந்தகத்தை உருக்கிப் பார்த்தார், நாற்றம் தாங்கவில்லை. பின்னர் நியூயார்க்கின் அசுட்டோரியாப் பகுதியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ஆசுதிரியாவிலிருந்து வந்திருந்த ஒட்டோ கோர்னை என்னும் இயற்பியலாரைத் துணைக்கு அமர்த்திக்கொண்டார்.

1938 ஆம் ஆண்டு அக்தோபர் 22. துத்தநாகத் தகட்டின்மேல் கந்தகம் பூசினர். துணியால் தேய்த்து மின்னேற்றினர். கண்ணாடிச் சில்லில் மையால் அந்நாளின் எண்ணையும் ஊர்ப்பெயரையும் எழுதித் தகட்டின்மேல் வைத்து, ஒளிமிக்க விளக்கைச் சில நொடிகள் காட்டினர். சில்லை அகற்றி, ஒருவகைப் பூண்டின் நுண்வித்துத் தூளைத் தூவி ஊதினர். எழுத்து நின்றது. மெழுகுத்தாளை வைத்து அழுத்திச் சூடாக்கி எடுத்தனர். எழுத்துத் தாளுக்கு ஏறியது. உலகின் முதல் மின்படி அதுதான்.

அடுத்து அவர் செய்ததே இக்கட்டுரைக்கு முகன்மையானது. வெற்றியைக் கூரையேறிக் கூவவில்லை, எழுதினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே ஒரு வேண்டுகை பதிந்திருந்தார். 1939 ஏப்ரலில் மற்றொன்றை விரிவாக எழுதிக் கொடுத்தார். சட்டப் பட்டமும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. 1940 இல் வழக்குரைஞராகப் பதிவாயினார். 1942 அக்தோபர் 6 இல் 22,97,691 என்னும் எண்ணுடைய காப்புரிமை அவர் கைக்கு வந்தது. இடைக்காலத்தில் இருபதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. மங்கலான எழுத்துடைய மெழுகுத்தாளைப் பார்த்து எவனும் வியக்கவில்லை. 1944 இல்தான் ஒகையோ மாநிலத்துப் பாட்டெல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. பின்னர் இராசெசுட்டர் நகரத்து ஆலாய்டு என்னும் சிறு நிறுவனம் உரிமம் பெற்றது. அதுவே பின்னாளில் செராக்சு நிறுவனமாகப் பெயர் மாறியது. 1959 இல் 914 என்னும் பொறி வெளிவந்தது. ஒன்பதுக்குப் பதினான்கு விரற்கடைத்தாள் ஏற்பதனால் அப்பெயர். முதல் எழுத்து பதிந்த நாளிலிருந்து இருபத்தோராண்டுகள்! அத்தனை ஆண்டும் அந்த ஏழை வழக்குரைஞரைக் காத்து நின்றவை அவர் வரைந்த சொற்களே. அவ்வழியில் வந்த உரிமைகளின் வேலி எத்துணை வலிமையுடையதாய் வளர்ந்தது என்றால், 1975 இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குறுக்கிட்டுப் பிறர்க்கும் உரிமம் வழங்குமாறு செய்ய வேண்டியதாயிற்று. கார்ல்சன் அதற்கு முன்பே, 1968 இல் மறைந்துவிட்டார். ஈட்டிய பெருஞ்செல்வத்தில் பெரும்பகுதியை உயிரோடிருக்கும்போதே அறங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெருஞ்செல்வர் எல்லாரிடத்தும் அதனைக் காண இயலாது.

பெயரைப் பற்றி ஒரு சொல். கார்ல்சன் முதலில் வைத்த பெயர் மின்னொளிப்படம் என்னும் பொருளுடையது. பொதுமக்கள் வாயில் அது நுழையாது என்று கருதியபோது, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துப் பழமொழிப் பேராசிரியர் ஒருவர் கிரேக்கத்திலிருந்து உலர்ந்தது, எழுத்து என்னும் இரு சொற்களை எடுத்து இணைத்துக் கொடுத்தார். ஈரமில்லாமல் எழுதுதல் என்பது பொருள். பொறி புதிது, சொல்லோ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. அமெரிக்கப் பொறிக்குக் கிரேக்கச் சொல் பழையது என்று எவனும் நகைக்கவில்லை. தமிழ்நாட்டிலோ, ஓலை பெயர்த்தெழுதிய நாள் தொட்டு வழங்கும் 'படி' என்னும் சொல் கைக்கெட்டும் தொலைவில் கிடக்க, 'செராக்சு' கூடாதென்பார் 'நகல்' என்று எழுதித் தமிழாக்கிவிட்டதாக மகிழ்கின்றனர். நகல் என்பது உருது வழி வந்த அரபுச் சொல். அதன் உடன்வந்த அசலும் அவ்வாறே. மூலத்தை மூலப்படி என்றும், எடுத்ததை எடுப்புப்படி என்றும், கடையைப் படியகம் என்றும் எழுதினால் எந்தப் பொறி நின்றுவிடும்?

இனி, கார்ல்சனைப் போன்றோர் செய்யும் தொழில் யாது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடித்தவனுக்கும் நிகழும் ஒரு பண்டமாற்று. அவன் தன் கமுக்கத்தை மறைக்காமல் ஊரறிய எழுதித் தர வேண்டும். அரசு அதற்கீடாக இருபதாண்டுக் காலம் பிறர் அதனைச் செய்யாமல் தடுக்கும் உரிமையை அவனுக்குத் தரும். எழுதித் தருவதில் இரு கூறுகள். ஒன்று விளக்கவுரை: அத்துறை அறிந்த ஒருவன் அதனைப் படித்து அப்பொருளைச் செய்துவிடத்தக்க அளவு தெளிவாய் இருக்க வேண்டும். மற்றொன்று உரிமைக்கூற்று: தனக்கு உரியது எதுவரை என்று எல்லைக்கல் நடுவது. நிலத்துக்கு நான்கெல்லை எழுதும் பத்திர எழுத்தரின் வேலையைக் கருத்துக்குச் செய்வதே இது. ஆதலால்தான் இத்தொழிலுக்கு வெறுஞ்சட்டம் போதாது. இந்தியாவிலும் காப்புரிமை முகவராகப் பதிய வேண்டுமாயின், அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் என்பவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுத் தேர்வெழுதி வருமாறே காப்புரிமைச் சட்டம் வழிவகுக்கிறது. மின்னூட்டம் இன்னதென அறியாதவன் கார்ல்சனின் எல்லைக்கல்லை எங்கே நடுவான்?

ஆனால் அறிவியலும் சட்டமும் அறிந்த பின்னும் எஞ்சி நிற்கும் ஒன்று உண்டு, அது மொழி. உரிமைக்கூற்று ஒவ்வொன்றும் ஒரே சொற்றொடராய் இருத்தல் மரபு. அதில் ஒரு சொல் கூடினால் உரிமை சுருங்கும். ஒரு சொல் குறைந்தால் முன்பே இருந்ததையும் சேர்த்துப் பறித்ததாகி உரிமையே கவிழும். நன்னூலார் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொகுத்திருக்கிறார். அவற்றுள் குன்றக் கூறல் என்பது, காப்புரிமைத் துறையில் கண்டுபிடிப்பை முழுமையாக வெளிப்படுத்தாத குற்றம். மிகைபடக் கூறல், தான் செய்யாததற்கும் உரிமை கேட்ட குற்றம். மயங்க வைத்தல், எல்லை தெளிவாக இல்லாத குற்றம். இம்மூன்றுமே இன்றைய சட்டத்தில் ஒருவன் உரிமையை நீக்குதற்குப் போதிய கரணியங்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தியார் எந்தக் காப்புரிமை அலுவலகத்துக்கும் எழுதவில்லைதான். ஆயினும் துல்லியமாக வரையறுத்து எழுதுதல் என்னும் கலைக்கு இலக்கணம் கண்ட மொழியில், துல்லியமாக எழுத இயலாது என்பவன் அம்மொழியைப் படிக்காதவன்.

ஆங்கிலத்தில் இத்துறையின் பெரும்போர்களுள் ஒன்று இரு சொற்களுக்கிடையே நிகழ்வது. 'இவற்றை உள்ளடக்கிய' என்னும் பொருட்பட ஒரு சொல். 'இவற்றால் மட்டுமே ஆகிய' என்னும் பொருட்பட வேறொரு சொல். முன்னது போட்டால், வேறு உறுப்பைச் சேர்த்து ஒருவன் செய்தாலும் அவன் வேலிக்குள் அகப்படுவான்; பின்னது போட்டால், ஓர் உறுப்பைக் கூட்டித் தப்பிவிடுவான். இந்த வேறுபாட்டைத் தமிழ் எங்ஙனம் தாங்கும் என்று ஆங்கிலம் கற்ற பொறியாளர் சிலர் இரக்கத்தோடு வினவுகின்றனர். கார்ல்சனின் பொறியையே எடுத்துக்கொள்ளலாம். "மின்னூட்டம் தாங்கும் பூச்சுடைய தகடும், அத்தகட்டில் எழுத்தின் நிழல் விழுமாறு ஒளி வீழ்த்தும் விளக்கும், நிழல் விழுந்த இடத்தில் ஒட்டும் தூளும் உடைய படியெடுப்புப் பொறி" என்று எழுதினால், நான்காவதாக ஒரு சூடேற்றி சேர்ந்தாலும் அப்பொறி இவ்வரையறைக்குள்ளேயே நிற்கும். எண்ணப்பட்டவை உள என்பதே கூற்று, பிற இல என்பதன்று. "தகடு, விளக்கு, தூள் ஆகிய இம்மூன்றே உடைய" என்று எழுதினால், சூடேற்றி சேர்ந்த அளவிலேயே வெளியே போய்விடும். பிரிநிலை ஏகாரம் ஒன்று, ஓரெழுத்து, முழு வேலையையும் செய்து முடிக்கிறது. "தகட்டையும் உடைய" என்றால் எச்சவும்மை. பிறவும் உண்டென்பது தானே பெறப்படும். "மூன்றும்" என்றால் முற்றும்மை. ஒன்று குறையினும் ஆகாது. உம்மைக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் வகுத்திருப்பது பொழுதுபோக்குக்காக அன்று. உரையாசிரியர்கள் ஓர் உம்மைக்காகப் பக்கக்கணக்கில் சொற்போர் நிகழ்த்தியிருப்பதைக் கண்டு நகைத்தோர், உயர் அறமன்றங்களில் ஒரு சொல்லுக்காகக் கோடிக்கணக்கில் பணம் கைமாறுவதைக் கண்டாவது நகைப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரே சொற்றொடரில் நீளமாக எழுத வேண்டுமே என்பதும் ஒரு தடையன்று. பெயரெச்சமும் வினையெச்சமும் அடுக்கி, முடிக்குஞ்சொல் இறுதியில் வர, பல அடி நீளும் தொடரைத் தளராமல் நடத்துவது தமிழுக்குப் பிறவிக்குணம். வினையை இறுதியில் வைக்கும் சப்பானிய மொழியிலும் அங்ஙனமே எழுதுகின்றனர்.

சப்பானைச் சொன்னதும் அந்நாட்டுத் தச்சன் மகன் ஒருவனைச் சொல்லாமல் விடலாகாது. சப்பான் 1885 இல் காப்புரிமைச் சட்டம் இயற்றியது. ஆறாண்டுகள் சென்று, 1891 இல், தொடக்கக் கல்விக்குமேல் படிக்காத சாக்கிச்சி தொயோதா என்னும் இளைஞர் தாம் திருத்தியமைத்த மரக் கைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் ஆங்கிலம் கற்று வரட்டும் என்று அந்த அரசு காத்திருக்கச் சொல்லவில்லை. அவர் பேசிய மொழியிலேயே அலுவலகம் நடந்தது. அவர் தறியின் எல்லை அவர் மொழியிலேயே எழுதப்பட்டது. 1929 இல் அவருடைய தானியங்கித் தறியின் உரிமையை, நெசவுப்பொறிக்குத் தாயகம் என்று செருக்கியிருந்த இங்கிலாந்தின் பிளாட் உடன்பிறந்தார் நிறுவனமே நூறாயிரம் பவுன் கொடுத்து வாங்கியது. உலகப் பெயர் பெற்ற உந்துவண்டித் தொழிலும் அக்குடும்பத்திலிருந்தே கிளைத்தது. தறியோடு பிறந்து தறியோடு மாயும் கரூர், சேலம், காஞ்சி நெசவாளிக்கு இப்படியொரு வாயில் எந்த நாளிலேனும் திறந்து வைக்கப்பட்டதுண்டா?

நாட்டில் மொழிகள் பல. எல்லாவற்றிலும் வாங்கினால் அலுவலகம் நடக்குமா என்பர். சுவிட்சர்லாந்து ஒரு கையகல நாடு. செருமானியம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மூன்றனுள் எதிலும் அங்கே காப்புரிமை கேட்கலாம். 1902 முதல் 1909 வரை அந்நாட்டுப் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் அமர்ந்து வேண்டுகைகளை ஆராய்ந்துகொண்டிருந்த இயற்பியலாரே ஐன்சுடீன். 1905 இல் உலகைப் புரட்டிய கட்டுரைகளை அவர் எழுதியது தம் தாய்மொழியாகிய செருமானியத்தில். பன்னாட்டுக் காப்புரிமை உடன்படிக்கையின்கீழ் இன்று பத்து மொழிகளில் வேண்டுகைகள் வெளியிடப்படுகின்றன: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, செருமானியம், சப்பானியம், கொரியம், போர்த்துகீசியம், உருசியம், இசுபானியம். கொரியமும் போர்த்துகீசியமும் 2009 இல்தான் உள்ளே வந்தன. கொரியர் எண்ணிக்கையில் தமிழரைவிட மிகப் பெரியவர் அல்லர். அவர்க்கு ஓர் அரசு இருக்கிறது, அவ்வளவே. இன்னும் பின்னே போனால், 1474 இல் வெனிசு நகரம் இயற்றிய காப்புரிமைச் சட்டமே கற்றோர் மொழியாகிய இலத்தீனத்தில் எழுதப்படவில்லை. அந்நகரத்துப் பேச்சுமொழியில் எழுதப்பட்டது. கொல்லனுக்கும் தச்சனுக்கும் உரிமை தருகின்ற சட்டம் அவர்களுக்குப் புரியவேண்டும் என்னும் எளிய அறிவு ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்நகரத்தார்க்கு இருந்திருக்கிறது.

இந்தியாவில் இத்துறை பிறந்த கதையும் நினைக்கத்தக்கது. 1856 இல் ஆங்கிலேயர் சட்டம் போட்டதும், கல்கத்தாவில் ஒரு பொறியாளர் முதல் உரிமை கேட்டார். எதற்கு? வெள்ளைக்காரத் துரைமார் தலைக்குமேல் தொங்கும் விசிறியை இழுக்கும் பொறிக்கு! அந்தத் துரைமார் போயினர்; விசிறியும் போயிற்று; மொழி மட்டும் போகவில்லை. 1970 இல் விடுதலை பெற்ற நாட்டின் சட்டம் என்று புதிதாக இயற்றினர். 2003 இல் அதற்கு விதிகள் வகுத்தனர். அவ்விதிகளுள் ஒன்பதாவது, அலுவலகத்தில் கொடுக்கும் ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலில் இருபத்திரண்டு மொழிகள் கொலுவிருக்கின்றன. அலுவலக வாயிலில் அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே வழி. ஆங்கிலமாவது உலகத் தொடர்புக்கு என்று சொல்லித் தப்பலாம். காப்புரிமை உலகில் எந்தப் பன்னாட்டு வழக்கும் நடவாத இந்திக்கு இங்கே என்ன தனிச்சிறப்பு? வடநாட்டுப் பட்டறைத் தொழிலாளி தன் மொழியில் எழுதித் தரலாம். கோவைப் பட்டறைத் தொழிலாளி தன் மொழியில் எழுதித் தரலாகாது. இதற்குப் பெயர் ஒருமைப்பாடாம்.

கோவைப் பட்டறைத் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கடைசல் பொறியின் முன் முப்பதாண்டு நின்று, எக்கியில் நீர் ஒழுகாமல் தடுக்க ஒரு வழி காண்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தனியாள் ஒருவன் மின்வழியில் வேண்டுகை பதிய அரசுக்குக் கட்டும் தொடக்கக் கட்டணம் 1,600 உருபாதான். அதனை அவன் கட்டிவிடுவான். ஆனால் தன் கையால் செய்ததைத் தன் வாயால் தமிழில் சொல்லி, அதனைக் கேட்டுப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுவோர் ஒருவரைத் தேட வேண்டும். எழுதி முடித்த பின் அஃது அவனுக்கே படித்தறிய இயலாத தாள். தன் நிலத்தின் நான்கெல்லை சரியாக எழுதப்பட்டதா என்று பார்க்க இயலாதவன் அதில் கையொப்பம் இடுகிறான். எவனேனும் களவாடினால் வழக்கு மன்றேறும். 2023 முதல் சென்னை உயர் அறமன்றத்தில் அறிவுச் சொத்துக்கெனத் தனிப்பிரிவே இயங்குகிறது, நன்று. ஆனால் அங்கும் வழக்கு நடப்பது ஆங்கிலத்தில். உயர் அறமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006 இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒருமனமாய்க் கேட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. இராசத்தானுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் இந்தி எப்போதோ கிடைத்துவிட்டது. தொடக்கம் முதல் தீர்ப்பு வரை தன் பொருளைப் பற்றிப் பிறர் பேசுவதை அவன் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதனினும் பெரிய முரண் ஒன்று உண்டு. 1995 இல் அமெரிக்காவில் மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கே காப்புரிமை வழங்கிவிட்டனர். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவனும் அறிந்த ஒன்றை, அங்கே புதுமை என்று பதிந்துவிட்டனர்! இந்திய அறிவியல், தொழிலாராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து வழக்கிட்டு, சமற்கிருதம், உருது, இந்தி மொழிகளில் உள்ளவை உட்பட 32 சான்றுகளைக் காட்டியது. 1997 இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. இத்தகைய களவு இனியும் நிகழாமல் தடுக்க, 2001 முதல் மரபறிவு மின்னூலகம் ஒன்றை உருவாக்கினர். ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவமும் அதிற் சேர்ந்தது. தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களின் மருந்து முறைகள் ஆங்கிலம், செருமானியம், பிரெஞ்சு, இசுபானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பெயர்க்கப்பட்டு, 2009 முதல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் மேசைக்குச் சென்றன. ஆக, மூனிச்சு நகரில் ஒருவன் பொய்யுரிமை கேட்டால் அதனை முறிக்கத் தமிழ் நூல் சான்று ஆகும். கிண்டியில் ஒரு தமிழன் மெய்யுரிமை கேட்க அதே தமிழ் ஆகாது! பிறன் உரிமையை மறுக்கும் தகுதி உடைய மொழிக்கு, தன் மகன் உரிமையை நிலைநாட்டும் தகுதி இல்லையாம். பழையதைச் சொல்லத் தமிழ், புதியதைச் சொல்ல ஆங்கிலம் என்று எவரோ எங்கோ கோடு கிழித்துவிட்டனர். அக்கோட்டைத் தமிழரும் தாண்டாமல் நின்றுவிட்டனர்.

குற்றம் முழுவதையும் தில்லியின் தலையில் ஏற்றிவிட்டு அமைதிகொள்ளவும் இயலாது. 2010 இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அவ்வழியிற் படித்து வெளிவந்தோர் சட்டப்படி காப்புரிமை முகவர் தேர்வெழுதத் தகுதியுடைய பட்டத்தினர். அவருள் சிலரையேனும் தேர்ந்து, சட்டமும் பயிற்றி, விளக்கவுரையும் உரிமைக்கூற்றும் தமிழில் வரையும் பயிற்சி கொடுத்தால், இருமொழியும் கைவந்த ஓர் அணி உருவாகும். அதனைச் செய்யத் தமிழ்நாட்டரசு தில்லியிடம் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. கலைச்சொல் ஆக்குவோரும் பட்டியல் மேல் பட்டியலாக வெளியிட்டு மகிழ்வதை விட்டு, பட்டறைத் தொழிலாளர் வாயில் வழங்கும் சொற்களை முதலில் தொகுக்க வேண்டும். கடைசல், இழைப்பு, சுரை, மரை, பொருத்து, வார்ப்பு என்று அவர்களிடம் இருக்கும் தமிழ் எந்தச் சொல்லாக்கக் குழுவிடமும் இல்லை.

தில்லி செய்ய வேண்டுவதும் பெரிதன்று. முதற்படியாக, நாடாளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்தத் தேவையில்லை. நடுவணரசு விதியைத் திருத்தினாலே போதும். அதற்கு முன்பும் ஒரு வழி கிடக்கிறது. அந்த ஒன்பதாம் விதியிலேயே, காப்புரிமைக் கட்டுப்பாட்டு அலுவலர் வேறு வகையில் பணித்தாலன்றி, இசைந்தாலன்றி என்னும் பொருள்படச் சில சொற்கள் அடைப்புக்குள் இருக்கின்றன. அச்சொற்களைப் பிடித்துக்கொண்டு, முழுமையாகத் தமிழில் வரைந்த விளக்கவுரை ஒன்றையும், நாள் பிந்தி உரிமை கெடாதிருக்க அதன் ஆங்கிலப் பெயர்ப்பையும் சேர்த்து, தமிழ்ப்படியையே மூலப்படியாக ஏற்குமாறு வேண்டும் மடலோடு கிண்டி அலுவலகத்தில் ஒரு பொறியாளர் கொடுக்கட்டும். இசைந்தால் வழி திறந்தது. மறுத்தால், எந்தக் கரணியத்தால் மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, அதற்கு ஒரு படியெடுத்து, உயர் அறமன்றத்துக்குப் போகட்டும்.